எட்டியும் இரண்டு மொழி லேபிளும்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாரைக்கூட விடுவதில்லை. இந்த வாரம் நான் விமர்சனம் செய்யப்போவது ஒரு லேபிளை. மருந்துப் புட்டியின் வயிற்றில் ஒட்டியிருக்கிற, இரண்டு விரல் அகலக் காகிதம். எழுதியவர் பெயர் கிடையாது. எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. ஆனால் அதைப் படிக்காமல் விட்டால் வருகிற நஷ்டம், ஒரு மோசமான சினிமாவுக்கு டிக்கெட் எடுத்த நஷ்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

எனக்கு வேட்டகம் காரைக்கால். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல், நடுவில் சிவப்புத் தொப்பிப் போலீஸோடு ஒரு துண்டு புதுச்சேரி. பெட்ரோல் விலையையும் இன்னொரு திரவத்தின் விலையையும் வைத்துத்தான் வெளியூர்க்காரர்கள் அந்த ஊரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு மாங்கனித் திருவிழா. ஆனி மாதம் பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது, மாடியில் நின்று ஜனங்கள் கூடை கூடையாக மாம்பழத்தை இறைப்பார்கள். என் மாமியார் இதில் மாவட்ட அளவில் ஆடத் தகுதி உள்ளவர். எழுபது வயதிலும் மொட்டை மாடியிலிருந்து அவர் வீசுகிற பழம், கீழே யார் கைக்குப் போக வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அவர் கைக்குத்தான் போகும்.

ஒரு வருடம் நாங்கள் போனபோது அத்தை மாடி ஏறவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அத்தை, இந்த வருஷம் மாம்பழம் யாரு போடறது?”

“முட்டிவலிக்கு ஒரு மாத்திரை சாப்பிடறேன் மாப்பிள்ளை. நல்லாத்தான் கேக்குது. வலியே தெரியலை. ஆனா நாலு நாளா கெண்டைக்கால் துள்ளுது. தாடை இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு. யாராவது கதவைச் சாத்தினாக்கூட உடம்பு தூக்கிவாரிப் போடுது.”

“எத்தனை மாத்திரை?”

“ஒண்ணுதான் சொன்னாங்க. நல்லா கேக்குதேன்னு ரெண்டு ரெண்டா போட்டுக்கறேன். மூலிகைதானே? என்ன பண்ணிடப் போவுது?”

உள்ளூர் டாக்டர் முதலில் கேட்டது, “பாட்டிலை எடுத்துட்டு வந்தீங்களா?” என்றுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து லேபிளைப் படித்தார். “இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னியோட இதை நிறுத்துங்க. ராத்திரி ஏதாவது அதிகமானா காலையில வர்றேன்னு உட்கார்ந்திருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். நிறுத்தினோம். இரண்டு நாளில் துள்ளல் நின்றது. முட்டிவலி திரும்பி வந்தது.

புட்டியை நான் வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மருந்துச் சரக்குகளின் பட்டியல். நடுவில் ‘குபீலு’ என்று ஒரு சமஸ்கிருதப் பெயர், அதுவும் ஆங்கில எழுத்தில். பக்கத்தில் தாவரவியல் பெயர், லத்தீனில். அடியில் ஒரு வரி: மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும், எச்சரிக்கை என்று. அது ஆங்கிலத்தில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை.

அத்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வார இதழ் வந்தால் அட்டையிலிருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரை ஓர் எழுத்து விடாமல் படிப்பவர். ஆனால் அந்த லேபிளில் அவர் படிக்கக்கூடியதாக ஓர் எழுத்து இல்லை.

“அத்தை, இதுல எட்டிக்கொட்டை சேர்த்திருக்கு” என்றேன்.

முகம் மாறிவிட்டது. “எட்டியா? அதையா நான் ரெண்டு ரெண்டா முழுங்கினேன்?”

என் விமர்சனம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. டாக்டர் சொல்லி, மகள் அதட்டி, நான் உபதேசம் பண்ணி நடக்காததை ‘எட்டி’ என்ற இரண்டெழுத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஒரு வார்த்தை ஒரு நொடியில் நடத்திவிட்டது. அந்த வார்த்தைதான் லேபிளில் இல்லை.

* * *

எட்டி என்றால் தமிழில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. எட்டிக்காய்க் கசப்பு என்று பேசுகிறோம். கஞ்சனிடம் பணம் குவிந்தால் எட்டி மரம் பழுத்த கதை என்கிறோம். காஞ்சிரம் என்று இன்னொரு பெயரும் உண்டு. பழம் பார்க்க அசல் ஆரஞ்சு மாதிரி உருண்டையாக, அழகாக இருக்கும். உள்ளே இருக்கிற கொட்டை கோட்டுப் பித்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், பட்டுப் போன்ற மெல்லிய ரோமத்தோடு. விஷம் கொட்டையில்தான் முக்கியமாக இருக்கிறது.

இந்த ஊர்க்காரர் ஒருவரே எட்டியைப் பாடியிருக்கிறார். காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டுப் பதிகம் ஒன்றில் பேய்கள் ஆடுகிற சுடுகாட்டை வருணிக்கும்போது, அங்கே வளர்ந்திருக்கிற மரம் செடிகளைப் பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலின் முதல் பெயரே எட்டிதான். மாங்கனியை வரவழைத்த அம்மைக்கு, எந்தப் பழம் எங்கே விளையும் என்பது தெரிந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பழைய காலத்தில் பெரிய வணிகர்களுக்கு அரசன் கொடுத்த பட்டத்தின் பெயரும் ‘எட்டி’. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் எட்டிப் பட்டம் பெற்றவர்கள் வருகிறார்கள். பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமைப்படுவதா, சந்தேகப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

எட்டிக்குள் இருக்கிற விஷத்துக்குப் பெயர் ஸ்ட்ரிக்னைன். அதைப் பிரித்து எடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1739ல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து காரைக்காலை வாங்கிய அதே தேசம். நடுவில் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டு, 1817ல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம், 1818ல், பாரிஸில் பெல்லத்தியே, கவந்தூ என்ற இரண்டு மருந்தாளுநர்கள் எட்டியின் ஒன்றுவிட்ட சகோதரியான இன்னொரு கொட்டையிலிருந்து ஸ்ட்ரிக்னைனைத் தனியாகப் பிரித்தார்கள். எட்டியிலும் அதுவே இருந்தது. மலேரியாவுக்கான குவினைனை 1820ல் பிரித்தவர்களும் இதே ஜோடிதான். ஒரு கையால் கொல்வதும் மறு கையால் காப்பதும் ஒரே பட்டறையிலிருந்து வந்தன.

கண்டுபிடித்ததும் அவர்கள் அதற்கு வைக்க நினைத்த பெயர் வேறு. வோக்லான் என்ற மதிப்புமிக்க வேதியியல் அறிஞரின் நினைவாக ‘வோக்லீன்’. அன்பான ஒரு மனிதரின் பெயரை இப்படிப்பட்ட கொடிய சரக்குக்கு வைக்கக்கூடாது என்று பிரெஞ்சு அகாதமியில் ஆட்சேபம் வந்தது. கைவிட்டார்கள். ஒரு விஷத்துக்கு என்ன பெயர் எழுதி ஒட்டுவது என்பதில் அன்றைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசி இன்றைக்கு இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

* * *

சரி, இந்தச் சரக்கு உடம்பில் என்னதான் செய்கிறது?

ஸ்ட்ரிக்னைனை ஊக்கமருந்து வகையில் சேர்க்கிறார்கள். ஊக்கம் என்றவுடன் ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோல நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பிரேக்கைக் கழற்றுகிற வேலை. நம் தண்டுவடத்தில் கிளைசின் என்று ஒரு பொருள், ‘போதும், நிறுத்து’ என்று தசைகளுக்குப் போகிற கட்டளைகளை அடக்கிக்கொண்டே இருக்கிறது. கையை மடக்கும்போது நீட்டுகிற தசை சும்மா இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒழுங்கு கிளைசினால் வருகிறது. ஸ்ட்ரிக்னைன் போய் கிளைசினின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அடக்க ஆள் இல்லை. எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் போனால் ஒரு விறுவிறுப்பு, சத்தத்துக்குத் திடுக்கிடுதல், தாடை இறுக்கம், தசைத் துள்ளல். அதிகம் போனால் வில்லாக வளைகிற வலிப்பு. தனுர்வாதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட அதே காட்சி. வலிப்பின்போது பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை என்பதுதான் கொடுமை. மூச்சுத் தசைகள் இறுகி, மூச்சு நின்றுதான் மரணம் வருகிறது. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்க மருந்து, மூச்சுக்கு உதவி, சத்தமும் வெளிச்சமும் இல்லாத அறை. ஆரம்ப மணி நேரங்களைக் கடந்துவிட்டால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு. அதனால்தான் டாக்டர் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்றார்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதை வெகுகாலம் டானிக்காகக் குடித்தன. இரும்புச் சத்து, குவினைன், ஸ்ட்ரிக்னைன் மூன்றும் கலந்த ஈஸ்டன்ஸ் சிரப் பலவீனம், பசியின்மை, நோயிலிருந்து எழுந்தவர்களின் அசதி எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், 1920ல் வந்தது, ஸ்ட்ரிக்னைன் கலந்த ஒரு டானிக் பாட்டிலைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்த அம்மையார் முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தவர். கலக்க வேண்டிய இடத்தில் கலக்காமல், அடியில் தங்கிய கடைசி டோஸ் என்ன செய்யும் என்பது அவருக்கு அத்துபடி.

அதற்கும் முன்னால், 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ஸ் மாரத்தான். முதலில் வந்து சேர்ந்தவர் பாதி தூரத்துக்குக் கிட்டத்தட்டக் காரில் வந்தவர் என்று தெரிந்து விரட்டப்பட்டார். அடுத்து வந்த தாமஸ் ஹிக்ஸுக்குத் தங்கம். ஹிக்ஸ் வழியில் சுருண்டு விழப்போன போதெல்லாம் அவருடைய ஆட்கள் முட்டை வெள்ளைக்கருவில் சுமார் 1 மில்லிகிராம் ஸ்ட்ரிக்னைனைக் கலந்து கொடுத்தார்கள். இரண்டாம் தடவை பிராந்தியும் சேர்ந்தது. கோட்டைத் தாண்டியதும் மனிதரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்னொரு டோஸ் கொடுத்திருந்தால் பதக்கத்தை வாங்க ஆள் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். அன்றைக்கு அது தப்பில்லை. தடை செய்ய விதியே இல்லை.

இன்றைக்கு உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் ஸ்ட்ரிக்னைன் பெயர் சொல்லித் தடை. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் கிர்கிஸ்தான் பளுதூக்குபவர் ஒருவர் வாங்கிய வெண்கலம் இதனால் பறிபோனது. நம் பக்கத்தில், மணிப்பூரின் குஞ்சராணி தேவிக்கு 2001 ஆசிய பளுதூக்கும் போட்டியில் இதே பொருள் பரிசோதனையில் தெரிந்து ஆறு மாதம் தடை விதிக்கப்பட்டது. அவர் திரும்பி வந்து 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியது வேறு கதை, நல்ல கதை.

* * *

இப்போது அழகு சாதனத்துக்கு வருவோம்.

முகத்துக்குப் பூசுகிற கிரீமிலும் தலைக்குத் தடவுகிற தைலத்திலும் எதையெல்லாம் சேர்க்கவே கூடாது என்று ஐரோப்பியக் கூட்டமைப்பு 1976லேயே ஒரு பட்டியல் போட்டது. இன்றைக்கு அது 2009ம் வருட ஒழுங்குமுறைச் சட்டத்தின் இரண்டாம் இணைப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் ஸ்ட்ரிக்னைனும் அதன் உப்புகளும் ஒரு வரி. எட்டி இனத்துத் தாவரங்களும் அவற்றின் சாறு, கஷாய வகைகளும் தனியாக இன்னொரு வரி. எஃபெட்ரின் உண்டு, நிகோடின் உண்டு. ஊக்கம் தருகிற பொருள் எல்லாமே அதில் இருக்கிறதா என்றால், இல்லை. காஃபீன் இல்லை. நம் டிகிரி காப்பியின் ஆத்மா கண்ணுக்கடியில் பூசுகிற ஜெல்லிலும் ஷாம்புவிலும் சுதந்திரமாகத் திரிகிறது. ஸ்ட்ரிக்னைனோடு ஒரே பட்டறையில் பிறந்த குவினைனுக்கு அளவோடு அனுமதி: ஷாம்புவில் 0.5 சதவீதம், தலையில் தடவி அப்படியே விடுகிற லோஷனில் 0.2 சதவீதம். ஸ்ட்ரிக்னைனுக்கு மட்டும் அளவு பேச்சே இல்லை. பூஜ்யம்.

ஏன் இந்தக் கறார்? இதில் வேதியியலைவிடக் கணக்குப்பதிவியல் அதிகம், அதனால் எனக்குப் புரிகிறது. ஒரு பொருளை உபயோகிப்பது என்றால் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். மருந்தில் வரவுப் பக்கம் நோய் குணமாகிறது, வலி போகிறது. அதற்காகப் பற்றுப் பக்கத்தில் கொஞ்சம் ஆபத்தை எழுதிக்கொள்ளலாம். முகப்பூச்சில் வரவுப் பக்கம் என்ன? கன்னம் கொஞ்சம் பளபளக்கும், அவ்வளவுதான். அதற்கு எதிரே வலிப்பையும் மூச்சு நிற்பதையும் எந்த ஆடிட்டரும் எழுத மாட்டார். தவிர, கிரீம் வாங்க யாரும் டாக்டர் சீட்டு கொண்டுபோவதில்லை. எவ்வளவு பூசுகிறீர்கள், எத்தனை வருடம் பூசுகிறீர்கள், உங்கள் ஒன்றரை வயதுப் பேரன் அதை எடுத்து நக்குகிறானா என்று கேட்க எதிரே ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் விதி கறாராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இதே வழிதான். அழகு சாதனத்தில் பாதுகாப்பானவையாகக் கருதப்படாத மூலப்பொருள்களை இந்தியத் தர அமைப்பு ஐ.எஸ். 4707ன் இரண்டாம் பகுதியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. 2020ம் வருட அழகு சாதன விதிகள் அந்தப் பட்டியலை மீறக்கூடாது என்கின்றன. பாராட்டுகிறேன்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். 1960ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். தெருநாய் உள்பட எந்தப் பிராணியையும் இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் ஊசி போட்டுக் கொல்வது குற்றம் என்று, விஷத்தின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நாயைக் கொல்வதற்குக்கூட இது அதீத கொடூரம் என்று பாராளுமன்றம் ஒத்துக்கொண்ட பொருள்.

ஆக, கன்னத்தில் பூசக் கூடாது. ஓட்டக்காரர் சாப்பிடக் கூடாது. நாய்க்குக் குத்தக் கூடாது. ஆனால் அத்தை?

* * *

அத்தைக்கு 1945ம் வருட மருந்து விதிகளில் அட்டவணை இ(1) இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேர்க்கப்படும் நச்சுச் சரக்குகளின் பட்டியல் அது. சேராங்கொட்டை, அபின், அலரி இவற்றோடு எட்டியும் அதில் உண்டு. இந்தச் சரக்கு சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்தின் புட்டியில் ‘மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும்’ என்ற எச்சரிக்கை பளிச்சென்று தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது விதி 161. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

அவ்வளவுதான். காரைக்காலில் ஆட்சி மொழி தமிழ். பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது போட்ட ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் பிரெஞ்சுக்கும் ஒரு மரியாதை உண்டு. அதே யூனியன் பிரதேசத்தின் மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. இத்தனை மொழி இருந்தும், விஷ எச்சரிக்கை மட்டும் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாத மொழியில் வருகிறது. விதியில் உள்ளபடி லேபிள் ஒட்டிய கம்பெனியை நான் குறை சொல்ல முடியாது. சட்டம் சொன்னதை அவர்கள் செய்துவிட்டார்கள். சட்டம் போட்டவர்கள் அத்தையை நினைத்துப் பார்க்கவில்லை.

இதை மொழிப் போராட்டமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என் குற்றச்சாட்டு எளிமையானது. ஓர் எச்சரிக்கையின் வேலை எச்சரிப்பது. படிக்க முடியாத எச்சரிக்கை, எழுதியவரைத்தான் காப்பாற்றும், சாப்பிடுகிறவரைக் காப்பாற்றாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, பெயர். எட்டிக்குக் குபீலு, விஷமுஷ்டி, காரஸ்கரம் என்று சமஸ்கிருதத்தில் பல பெயர். இந்தியில் குச்சிலா. யுனானியில் அஸராக்கி. ஓமியோபதியில் நக்ஸ் வாமிகா. இத்தனை பெயரும் சட்டப்படி சரி. ஆனால் தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒரே பெயர் எட்டி. அந்த ஒரு பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லேபிளில் பார்க்கலாம்.

மூன்றாவது, நாட்டு மருந்துக் கடை. அங்கே எட்டிக்கொட்டையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். அதற்கு லேபிளே இல்லை. விமர்சிக்கக்கூட ஒன்றும் இல்லை.

* * *

இதைப் படிக்கிற சித்த வைத்தியர்களுக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சித்த மருத்துவம் எட்டியை விஷம் என்றுதான் சொல்கிறது. சுத்தி செய்யாமல் உபயோகிக்காதே என்கிறது. கொட்டையைக் கோமியத்தில் ஊறவைத்து, பாலில் வேகவைத்து, மேல்தோலையும் உள்முளையையும் நீக்கிவிட்டுத்தான் மருந்தில் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் ஸ்ட்ரிக்னைன் அளவு குறைகிறது என்று இன்றைய பரிசோதனைக் கூடங்களிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, கருவி இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

ஆனால் ‘குறைகிறது’ என்றுதான் சொன்னேன், ‘இல்லாமல் போகிறது’ என்று சொல்லவில்லை. எவ்வளவு குறைந்தது என்பது சுத்தி செய்தவரின் பொறுமையைப் பொறுத்தது. வைத்தியர் தன் கையால் செய்து, நாடி பார்த்து, இத்தனை நாள், இன்ன அனுபானம், இன்ன பத்தியம் என்று எண்ணிக் கொடுத்த காலத்தில் அந்த ஏற்பாடு முழுமையாக இருந்தது. மருந்து, வைத்தியர், பத்தியம் மூன்றும் சேர்ந்து ஒரு மருத்துவம். இன்றைக்கு மருந்து மட்டும் புட்டியில் ஏறி பஸ் பிடித்து வந்துவிடுகிறது. மற்ற இரண்டும் ஊரிலேயே நின்றுவிட்டன. பாரம்பரியத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு முழுப் பெயரையும் சொல்லிக்கொள்வது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

ஓமியோபதிக்காரர்களும் கேட்பார்கள். நக்ஸ் வாமிகா 30, 200 என்று வருகிற உருண்டைகளில் நீர்த்துப்போன கணக்கைப் பார்த்தால் எட்டியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வழியில்லை. அதனால் விஷம் என்ற பயம் வேண்டாம் (அப்படியானால் மருந்து எங்கே என்ற கேள்வி இன்னொரு வாரத்துக்கு). ஆனால் அதே பெயரில் தாய்த் திரவம் என்று ஒன்று விற்கிறது. அதில் சரக்கு இருக்கிறது. ஒரே பெயர், ஒன்றில் ஒன்றுமில்லை, இன்னொன்றில் விஷம். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில்.

ஆங்கில மருத்துவம் இதில் என்ன செய்தது? டானிக்காக எழுதிக் கொடுத்தது, விளைவைப் பார்த்தது, நிரூபிக்கக்கூடிய பலன் இல்லை, ஆபத்து நிறைய என்று கணக்குப் பார்த்துக் கைவிட்டது. அவர்கள் புத்திசாலிகள் என்பதற்காகச் சொல்லவில்லை. சுமார் நூறு வருடம் தப்பு செய்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். தப்பை ஒத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

“அப்படியானால் எட்டி சேர்ந்த மருந்தையெல்லாம் தடை செய் என்கிறாயா?” என்றால், இல்லை. அதற்கான படிப்பு எனக்கு இல்லை. கன்னத்தில் பூசுவதற்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை வயிற்றுக்குள் போவதற்கும் காட்டுங்கள் என்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை மில்லிகிராம் ஸ்ட்ரிக்னைன் மிச்சமிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள் என்கிறேன். மருந்தாகக் கொடுத்த காலத்தில் அதன் அளவு ஓரிரு மில்லிகிராம். உயிரை எடுக்கச் சில பத்து மில்லிகிராம் போதும். உடம்பு அதைப் பாதியாகக் குறைக்கவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்படி இடைவெளி குறைந்த ஒரு சரக்கில் ‘நல்லா கேக்குதே’ என்று ஒன்றை இரண்டாக்கினால் என்ன ஆகும் என்று கணக்கு தெரிந்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

விமர்சகன் என்றால் குறை மட்டும் சொல்லக்கூடாது, நீ எழுதிக் காட்டு என்பார்கள். எழுதிக் காட்டுகிறேன். அந்த லேபிளின் முன்பக்கத்தில், தமிழில், ஒரு ரூபாய் நாணயத்தில் உள்ள எண் அளவுக்குப் பெரிய எழுத்தில் இவ்வளவு இருந்தால் போதும்:

‘இதில் எட்டிக்கொட்டை உள்ளது. வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. தாடை இறுகினால், தசை துள்ளினால், சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போட்டால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’

மாஹேயில் இதையே மலையாளத்தில், ஏனாமில் தெலுங்கில். அச்சடிக்கிற செலவு புட்டிக்கு எத்தனை பைசா என்று சொல்ல பி.காம். தேவையில்லை.

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மருந்து டப்பாவைத் திறந்து ஒவ்வொரு புட்டியாகப் படியுங்கள். குபீலு, குச்சிலா, விஷமுஷ்டி, நக்ஸ் வாமிகா என்று எங்காவது கண்ணில் பட்டால், அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். “இது எட்டி. யார் கொடுத்தாங்க? எத்தனை சொன்னாங்க? எத்தனை சாப்பிடறீங்க?” என்று கேளுங்கள். மூன்று பதிலும் சரியாக வந்தால் சந்தோஷம். வராவிட்டால் புட்டியோடு ஒரு டாக்டரைப் பாருங்கள்.

அத்தை இப்போது முட்டிக்கு ஒத்தடமும் டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியும்தான். வலி முழுசாகப் போகவில்லை. மாடிப்படியில் நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துதான் ஏறுகிறார். போன ஆனியில் மேலே நின்றுகொண்டு முதல் பழத்தை என் பக்கம்தான் வீசினார். பிடித்துவிட்டேன்.

“பயப்படாம சாப்பிடுங்க மாப்பிள்ளை. இது மாங்கா மரத்துப் பழம்தான்” என்று கத்தினார்.

லேபிள் ஒட்டாத பழம். ஆனால் என்ன பழம் என்று தமிழில் சொல்லிக் கொடுத்தார் பாருங்கள்.